பட்டமா? பணியா?

"இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு, கடைசியில் நர்சு வேலைக்கா போகப் போகிறாய்?"

இப்படி ஒரு கேள்வி, ஒரு மாணவியைப் பார்த்துக் கேட்கப்பட்டது. கேட்டவர் யார்? பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பேசும் பழைமைப் பித்தரா? பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டனாரா? அல்ல, தோழர்களே, அல்ல! கேட்டவன் நான். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவன். மாலையானால் மன்றத்து மேடை ஏறி, பிறப்பால் மேல் என்றும் கீழ் என்றும் மக்களைப் பிரித்த பேதைமையைச் சாடுபவன். எந்தத் தொழிலும் இழிதொழில் அன்று என்று முழங்கி, கைதட்டல் பெற்று, அந்த ஓசை காதில் ஒலிக்க வீடு திரும்புபவன். அப்படிப்பட்ட நான்தான் கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு என்ன விலை என்பதை இங்கே எழுதுகிறேன். என்னை நானே தாழ்த்திக்கொண்டு பாராட்டுப் பெறுவதற்காக அல்ல. மேடையிலே ஒரு நாவும் வீட்டிலே ஒரு நாவும் வைத்திருப்பவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்ற அய்யம் எனக்கு உண்டு, அதற்காகவே எழுதுகிறேன்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பு வரை என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். தந்தை கொத்து வேலை செய்பவர். எங்கள் பள்ளி மாணவர்கள் கையெழுத்து ஏடு ஒன்று நடத்துகிறார்கள். பிழை திருத்திப் படி எடுக்கச் செய்யும் பொறுப்பு என்னுடையது. ஓர் இதழுக்காக, 'எதிர்காலத்தில் நான்' என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். விமானம் ஓட்டுவேன் என்றான் ஒருவன். மாவட்ட ஆட்சித் தலைவராவேன் என்றார்கள் நால்வர். இவள் எழுதியது வேறு.

இவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, தாய் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தாள். கிராம சுகாதாரச் செவிலியர் ஸ்கூட்டரில் வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தாயின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. சற்று நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று கேட்டார். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து, எழ மறுத்தது. அதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை. நாளை பார்க்கலாம், நல்ல நாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடம் தராமல், அன்று பிற்பகலே வண்டி வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். பேறுகாலத்தில் ஏறும் இரத்த அழுத்தம், காலம் தாழ்ந்தால் வலிப்பாக மாறித் தாயையும் சேயையும் சேர்த்துக் கொண்டுபோகும். "தம்பியும் பிறந்தான், அம்மாவும் பிழைத்தாள். அதனால் நான் செவிலியராவேன்" என்று முடித்திருந்தாள்.

நான் என்ன செய்தேன்? இரண்டு இடங்களில் றகர ரகரப் பிழை திருத்தினேன். பிறகு, 'செவிலியராவேன்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அதன் மேல் 'மருத்துவராவேன்' என்று எழுதினேன். ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: "ஆசை பெரிதாக இருக்கட்டும்!"

ஆசிரியன் எழுதிய சிவப்பு எழுத்துக்கு ஏழை வீட்டில் இருக்கும் மதிப்பு எளிதானதன்று. தந்தை அந்த ஏட்டைக் கண்டார். மகள் டாக்டர் என்று முடிவு கட்டினார். மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு. நல்ல மதிப்பெண். ஆனால், மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது இடம் பெறப் போதவில்லை. அப்போதுதான் அவள் என்னிடம் வந்து, செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். அப்போதுதான் நான், தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டேன். தலை குனிந்து நின்றாள். "இன்னொரு முறை எழுது" என்றேன். தாயின் காதணி அடகுக்குப் போயிற்று. நகரத்துப் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு. அவளுடைய தோழியர் கல்லூரி போய்க்கொண்டிருக்க, இவள் விருப்பமில்லாத ஒரு பந்தயத்துக்காக விடிய விடியப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு மாசி மாதத்தில், என் வீட்டில் ஒரு பாடம் நடந்தது.

என் தந்தையார் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் விடியற்காலை, காப்பிக் குவளை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணிற்று. வலக் கையைத் தூக்கச் சொன்னேன். அது அவருடைய கை அல்லாததுபோல் மடியிலேயே கிடந்தது.

அக்கம்பக்கம் கூடியது. ஒருவர், புறா இரத்தம் பூசினால் வாதம் இறங்கும் என்றார். ஒருவர், குலதெய்வத்துக்கு முடிந்துவைக்கச் சொன்னார். இருவருமே நல்லவர்கள், எங்கள்மீது அன்புள்ளவர்கள். அன்பு மட்டும் போதுமென்றால், அன்று என் தந்தையின் கதை முடிந்திருக்கும்.

108 வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய இளைஞர், அவசர மருத்துவ உதவியாளர், என்னைவிட இரண்டு வயது குறைந்தவராக இருப்பார். அவர் கேட்ட முதற்கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா பேசினாரு?"

பட்டம் பெற்ற நான் விழித்தேன். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத என் தாய் சொன்னாள்: "பால்காரர் மணியடிச்சப்ப காசு எடுத்துக் குடுன்னு சொன்னாரு. அஞ்சேமுக்கால் இருக்கும்." அந்த இளைஞர் அதைக் குறித்துக்கொண்டார். விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் இப்படிக் கைகால் விழுந்ததுபோல் தோன்றும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். வண்டியில் ஏறியதும் மருத்துவமனைக்குச் செய்தி சொல்லிவிட்டார்.

அந்த நேரத்துக்கு அப்படி என்ன பெருமை? மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால், பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். அதே அறிகுறிகள் அடைப்பாலும் வரலாம். குழாய் வெடித்துக் கசிவதாலும் வரலாம். கசிவு உள்ளவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், அதுவே உயிரைக் குடித்துவிடும். ஆகவே முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கதிர்ப்படப் பிரிவில் ஒருவர், நெளியும் என் தந்தையின் தலையை இரு கைகளாலும் ஏந்தி நேராக்கி, "அசையாதீங்க ஐயா, பத்து எண்ணுங்க" என்று சொல்லி, தெளிவாகப் படம் எடுத்துத் தந்தார். படம் கலங்கியிருந்தால், இன்னொரு முறை. இன்னொரு முறை என்றால், இன்னும் சில நிமிடங்கள். பணியிலிருந்த பெண் மருத்துவர் படத்தைப் பார்த்தார், கசிவு இல்லை என்று கண்டார், எங்களிடம் ஆபத்தையும் மறைக்காமல் சொல்லி ஒப்புதல் பெற்றார், மருந்தைச் செலுத்தச் சொன்னார். அந்த முடிவுக்குப் பின்னே எத்தனை ஆண்டுப் படிப்பு, எத்தனை இரவுக் கண்விழிப்பு! அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். என் தாய் சொன்ன நேரம், வண்டி இளைஞர் எழுதிய குறிப்பு, படப்பிரிவுத் தோழரின் உறுதியான கை, மருத்துவரின் முடிவு, மருந்தை எடைக்கேற்ப அளந்து ஏற்றிய செவிலியரின் கவனம். இவற்றில் எந்த ஒன்றை எடுத்துவிட்டால் என் தந்தை பிழைத்திருப்பார்? உயிர் காக்கும் அறிவு ஒருவர் தலையில் மட்டும் குடியிருக்கவில்லை. பலர் கைகளில் பங்கிடப்பட்டிருந்தது. நானோ, அந்தப் பலரில் ஒருவருக்கு மட்டும் மாலை போட்டு, மற்றவர்களை வாயிற்காவலராக வைத்து எண்ணிப் பழகியவன்!

பதினோரு இரவுகள் மருத்துவமனையில் இருந்தேன். முதல் இரவிலேயே ஒரு மோதல். தந்தை தாகத்தால் தவித்தார். இடக் கையால் வாயைக் காட்டினார். நான் குவளையில் தண்ணீர் எடுத்தேன். செவிலியர் விரைந்து வந்து கையைத் தடுத்தார்.

"ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட உரிமையில்லையா?" என்று சீறினேன்.

"விழுங்க முடியுதான்னு இன்னும் பார்க்கல சார். தொண்டை சரியா வேலை செய்யலேன்னா தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். அடைப்புல பிழைச்சவர் நிமோனியாவில போயிடுவார்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக் கொடுத்தார். காலையில் தந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு கரண்டியாக நீர் கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்து, இருமல் வருகிறதா என்று கவனித்து, குரல் மாறுகிறதா என்று பேசச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகே குடிக்க விட்டார். என் பாசம் கொல்லப் பார்த்தது. அவர் பயிற்சி காத்தது.

இரண்டு மணிக்கு ஒருமுறை தந்தையைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். குதிகாலையும் இடுப்பையும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை நசுங்கிப் புண்ணாகும். ஓர் இரவு, தந்தை படுக்கையிலேயே கழித்துவிட்டார். நாற்பது ஆண்டுக் காலம் பேருந்தில் மிடுக்காக நின்றவர், வெட்கத்தால் அழுதார். நான் திரும்பி நின்றேன். ஆம், பெற்ற மகன் திரும்பி நின்றேன்! அந்தச் செவிலியர் திரை இழுத்துவிட்டு, துடைத்து, துணி மாற்றிவிட்டு, சொன்னார்: "அழாதீங்க ஐயா. எனக்கு இது அசிங்கம் இல்ல, சேதி. நிறம் மாறியிருக்கா, அளவு குறைஞ்சிருக்கான்னு பார்த்துத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு அருவருப்பாகத் தெரிந்தது, அவருக்கு ஓர் ஏடாகத் தெரிந்தது. படித்தார்; குறித்துவைத்தார்; காலையில் மருத்துவரிடம் சொன்னார்.

மறுநாள் நன்றி சொல்வதாக எண்ணிக்கொண்டு, நான் ஒன்று கேட்டேன்: "இவ்வளவு அறிவோடு இருக்கிறீர்களே, சிஸ்டர்! நீங்கள் டாக்டராகியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். "நீங்க ஏன் சார் கலெக்டர் ஆகல?"

எனக்குப் பதில் உண்டு. எனக்குக் கற்பிப்பது பிடிக்கும், அதனால் ஆசிரியனானேன். அந்தப் பதில் எனக்குப் பெருமை தரும்போது, அவருக்கு மட்டும் அதே பதில் இருக்கக் கூடாதா? அவர் எதையோ அடைய முடியாமல் இங்கே வந்து ஒதுங்கினார் என்று நானாக ஏன் முடிவு கட்டினேன்?

அன்றிரவு அந்த வினா என்னைத் தூங்கவிடவில்லை. விடை தேடிப் போனால், அது என் மேடைப் பேச்சின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. தொட்டால் தீட்டு என்று ஒரு சமுதாயம் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தது. உடலின் கழிவைத் தொடுபவன் கீழ். தொடாமல் உட்கார்ந்து சொல்பவன் மேல். இரத்தம் தொடுபவள் கீழ். பிள்ளைப்பேறு பார்ப்பவள் கீழ். துணி வெளுப்பவர் கீழ். அந்தச் சொல்லை நாம் தெருவிலிருந்து விரட்டப் பாடுபட்டோம். ஆனால், 'நர்சு வேலையா?' என்று முகம் சுளிக்கும்போது, முன்வாசலில் விரட்டப்பட்ட தீட்டு, பின்வாசல் வழியாக வந்து நம் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. சொல் மாறிற்று, சுளிப்பு மாறவில்லை. தீட்டு என்று சொல்ல வெட்கப்படுகிறோம். 'தகுதிக்குக் குறைவு' என்று சொல்லிக்கொள்கிறோம்.

வரலாறு படித்தவன், வரலாற்றையாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகள். பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு சாவது எந்தப் பிரிவில் அதிகம்? படித்தவர்களின் பிரிவில்! பிணம் அறுத்த கையோடு அவர்கள் பேறு பார்க்க வந்தார்கள் என்பதை செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1847-ல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால், தங்கள் கைகளே சாவைச் சுமந்தன என்பதை ஒப்புக்கொள்ள அந்நாளைய மேதைகள் பலருக்கு மனம் வரவில்லை. பட்டம் கையைத் தூய்மை செய்துவிடாது, கழுவினால்தான் தூய்மை.

இங்கிலாந்தின் செல்வக் குடியொன்றைச் சேர்ந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியாவேன் என்றபோது பெற்றோர் பதறினர். அந்நாளில் அங்கேயும் அது மதிப்புள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற வேலை அன்று. 1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். கையில் விளக்கேந்திய மாதரசி என்றே அவரைப் பாடப் புத்தகம் நமக்குக் காட்டுகிறது. அவர் கையில் கணக்கேடும் இருந்ததைப் பலர் அறியோம். காயத்தால் இறந்த வீரரைவிட, தடுத்திருக்கக் கூடிய நோய்களால் இறந்தவரே மிகுதி என்பதை எண்ணிக்கையாலும் வரைபடத்தாலும் மெய்ப்பித்தார். 1860-ல் இலண்டன் தூய தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கருணை வேண்டும், கருணைக்குக் கணக்கும் தெரிய வேண்டும். அதுவே அவர் விட்டுச் சென்ற பாடம்.

அப்படியானால் டாக்டர் ஆக ஆசைப்படுவது குற்றமா? யார் சொன்னது! எங்கள் புதுக்கோட்டை மண்ணில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு திறக்க மறுத்த காலத்தில் போராடிப் படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் சுமந்து, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையத்தை எழுப்பினார். பெயருக்குமுன் இரண்டெழுத்து வேண்டும் என்பதற்காகவா அவர் படித்தார்? செய்ய வேண்டிய பணி ஒன்று கண்முன் நின்றது. பட்டம் அதற்குக் கருவியாயிற்று. கொத்தனார் மகள் டாக்டராக வேண்டும்; அதற்கான வழிகளெல்லாம் அகல வேண்டும். நான் மறுப்பது அதை அன்று. கொத்தனார் மகள் எதுவாக விரும்புகிறாள் என்று கேட்காமலே, நம் ஏக்கத்தை அவள் தலையில் ஏற்றுவதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செவிலியரைத் தேவதை என்று புகழ்வது எளிது. புகழ்ச்சி, செலவில்லாத ஊதியம். தேவதைக்குப் பசிக்காது, தேவதைக்கு வாடகை இல்லை, தேவதைக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்று எண்ணிக்கொள்ளலாம் அல்லவா? 2017 நவம்பரில், ஒப்பந்த முறையில் பணியாற்றிய செவிலியர், நிரந்தரப் பணி கேட்டுச் சென்னையில் திரண்டு போராடினார்கள். அவர்கள் கேட்டது மாலையல்ல. முறையான வேலையும் முறையான சம்பளமும். இரவுப் பணி, முதுகுவலி, நோயாளியின் உறவினர் காட்டும் ஆத்திரம் (நானே காட்டினேன்!) ஆகியவை அந்தத் தொழிலில் உண்டு. மனநிறைவு என்பது இவற்றை மறைக்கும் திரை ஆகக் கூடாது. இவற்றை அறிந்த பிறகும், 'இது என் வேலை' என்று ஒருவர் சொல்வாரானால், அதுதான் மனநிறைவு.

பன்னிரண்டாம் நாள் தந்தை வீடு திரும்பினார். பிறகு இயன்முறை மருத்துவரிடம் வாரந்தோறும் போனோம். அவர் தந்தையின் பழைய வேலையைக் கேட்டறிந்தார். காகிதத்தைச் சீட்டுச் சீட்டாக வெட்டி ஒரு கட்டாகக் கட்டி, "டிக்கெட் கிழிச்சுக் குடுங்க ஐயா" என்று வலக் கையை நீட்டச் சொன்னார். முதல் வாரம் விரல் அசைந்தது. ஐந்தாம் வாரம் ஒரு சீட்டு கிழிந்தது; கோணலாகத்தான். தந்தை அதை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஆனித் திங்களில் நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. மாணவிக்கு இம்முறையும் இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. மூன்றாம் முறை எழுதவைக்கப் போவதாகவும், நிலத்தை ஈடு வைக்க ஆள் தேடுவதாகவும் அவள் தந்தை சொல்லியனுப்பினார். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு சில நாட்களே இருந்தன. அன்று மாலையே புறப்பட்டேன். என் தந்தையும் தடியூன்றி உடன் வந்தார்.

பேசத் தொடங்கினேன். நான்கு ஆண்டுப் படிப்பு என்றேன். மேலே படிக்கவும் வழியுண்டு என்றேன். அவர் குறுக்கிட்டார்.

"சார், ஊரார் பீமூத்திரம் அள்ளுறதுக்கா எம்மவள இவ்வளவு படிக்கவெச்சேன்? அன்னிக்கு நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"ஆமாம். நான்தான். தவறு என்னுடையது" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. மேடையில் ஒருமணி நேரம் பேசுகிற எனக்கு!

அப்போது என் தந்தை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "என் மூத்திரத்தை... ஒரு பொண்ணு அள்ளிச்சு. என் மவன்... திரும்பி நின்னான். அந்தப் பொண்ணு... இல்லேன்னா... நான் இல்ல."

வீட்டில் ஓசை அடங்கிற்று. கொத்தனார் நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டு தின்ற கைகள் அவை. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

அதுவரை நாங்கள் யாருமே அவளைக் கேட்டதில்லை. அவள் தந்தைக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பத்தாவதிலேயே எழுதிக் குடுத்தேனே, சார்."

தோழர்களே! எத்தனையோ கூட்டங்களில் குறுக்குக் கேள்விகளைச் சந்தித்திருக்கிறேன். இதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

அவள் செவிலியர் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அடகிலுள்ள காதணியை மீட்கும் தொகையில் பாதியை நான் மாதந்தோறும் செலுத்தி வருகிறேன். அது ஈகை அன்று, அபராதம். பழைய கையெழுத்து ஏட்டைத் தேடி எடுத்து, நான் எழுதிய 'மருத்துவராவேன்' என்பதை அடித்துவிட்டு, அவள் எழுதிய சொல்லை அவள் கையாலேயே மறுபடி எழுதச் சொன்னேன். சிவப்பு மை வேண்டாமென்று நீல மையால் எழுதினாள். அடித்தல் தெரிகிறது. தெரியட்டும், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அதைக் காட்டுவேன்.

மருத்துவத் துறைக்குச் செல்ல விரும்பும் தம்பி தங்கையரே! உங்களிடம் 'என்ன ஆகப் போகிறாய்?' என்று எல்லாரும் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு, 'நாள்தோறும் என்ன செய்யப் போகிறேன்?' என்று உங்களை நீங்களே கேளுங்கள். முன்பின் அறியாதவர் உடலை, சாதி கேட்காமல், முகம் சுளிக்காமல் உங்கள் கை தொடுமா? ஆயிரமாவது நோயாளிக்கும் முதலாம் நோயாளிக்குக் காட்டிய கவனத்தைக் காட்ட மனம் வருமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை அழைக்கத் துணிவு உண்டா? 'உண்டு' என்றால், உங்களுக்கு அங்கே இடமுண்டு. மருத்துவராக, செவிலியராக, மருந்தாளுநராக, ஆய்வுக்கூடத்தில், கதிர்ப்படப் பிரிவில், இயன்முறைக் கூடத்தில், ஓடும் வண்டியில்! மருத்துவம் சார்ந்த இத்தகைய தொழில்கள் பலவற்றை வரிசைப்படுத்தி, அவற்றுக்கென ஓர் ஆணையத்தையும் வகுத்து, 2021-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் அங்கீகரித்ததை நம் சட்டைப்பை மனம் இன்னும் அங்கீகரிக்கவில்லை. ஒருநாள் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் காலைமுதல் மாலைவரை உட்கார்ந்து பாருங்கள். எந்த வேலையைக் கண்டதும் உங்கள் கை துடிக்கிறதோ, அதைத் தேடிப் போய் அதைச் செய்பவரிடமே விவரம் கேளுங்கள்.

பெற்றோரே, என் உடன் ஆசிரியர்களே! பிள்ளைகள் எழுதித் தருவதைப் பிழை திருத்துமுன் ஒருமுறை படியுங்கள். எது பிழை, எது அவர்களுடைய உயிர் என்பது, படித்தால்தான் தெரியும்.